வாசகர் கேள்வி: பாபிலோனிலிருந்து திரும்பியவர்களும் திரும்பாதவர்களும்

சென்ற இதழில் யூதர்களின் பாபிலோன் சிறையிருப்பை, அதாவது பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்து அவர்களை நாடு கடத்திய காலத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். "திரும்பி வந்த கதையையும் சொல்லுங்கள்" என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களைத் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறபடியே எழுதுகிறேன். பலருக்கும் பழக்கமான வடிவம் அதுதான்.

கேள்வி: பாரசீகத்தின் கோரேஸ் (சைரஸ்) ராஜா யூதர்களை ஏன் விடுவித்தார்? அவர்களுடைய தெய்வத்தை அவர் ஏற்றுக்கொண்டாரா? "உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்" என்று அவருடைய கல்வெட்டைச் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல இடமில்லை. கி.மு. 539 அக்டோபரில் பாபிலோன் பாரசீகரிடம் வீழ்ந்தது. அதையொட்டி கோரேஸின் பெயரில் எழுதப்பட்ட களிமண் உருளை ஒன்று 1879-இல் பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்தது. இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்கள் கல்வெட்டு என்று சொல்வது இதைத்தான். அந்த உருளையில் கோரேஸைத் தேடிக் கண்டுபிடித்து, கைப்பிடித்து அழைத்துவந்து அரியணையில் அமர்த்துபவர் பாபிலோனின் தெய்வமான மர்துக். முந்தைய அரசன் நபோனிதுஸ் மர்துக்கின் வழிபாட்டைக் கெடுத்தான், அதனால் மர்துக் வேறொரு நல்ல அரசனைத் தேடினார் என்று கதை போகிறது. யூதா என்றோ எருசலேம் என்றோ ஒரு சொல்கூட அதில் இல்லை.

இப்போது வேதாகமத்தில் எஸ்றா புத்தகத்தின் முதல் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே அதே கோரேஸ், பரலோகத்தின் தேவனாகிய கர்த்தர் தனக்கு ராஜ்யங்களைக் கொடுத்ததாகவும், எருசலேமில் அவருக்கு ஆலயம் கட்டச் சொன்னதாகவும் அறிவிக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆள் யார் என்று புரிகிறது. ஒவ்வொரு மக்களிடமும் அவரவர் தெய்வத்தின் பெயரால் பேசத் தெரிந்த அரசர் அவர். அசூர், சூசா, அக்காத் போன்ற ஊர்களின் தெய்வச் சிலைகளை அவற்றின் கோயில்களுக்கே திருப்பி அனுப்பியதாகவும், சிதறிய மக்களைக் கூட்டி ஊர்களில் குடியமர்த்தியதாகவும் உருளை சொல்கிறது. யூதர்களுக்குச் சிலை கிடையாது. அதனால் நேபுகாத்நேச்சார் கொள்ளையிட்ட ஆலயப் பாத்திரங்கள் அவர்களோடு திரும்பின. பொக்கிஷக்காரனாகிய மித்திரேதாத் அவற்றை எண்ணி எடுத்து, யூதாவின் அதிபதியாகிய சேஸ்பாத்சாரிடம் ஒப்படைத்தான் என்று எஸ்றா எழுதுகிறது.

அரசியல் கணக்கும் இதில் இருந்திருக்க வேண்டும். எகிப்து அப்போது பாரசீகத்தின் கையில் இல்லை; கோரேஸின் மகன் கம்பீசஸ்தான் கி.மு. 525-இல் அதைப் பிடித்தான். எகிப்துக்குப் போகிற வழிக்கு அருகில், மலைமேல், நன்றியுள்ள ஒரு சிறு மக்கள் கூட்டம் இருப்பது எந்தப் பேரரசுக்கும் நல்லதுதான்.

மனித உரிமைச் சாசனம் என்ற பேச்சு இருபதாம் நூற்றாண்டில் கிளம்பியது. பாபிலோனிய அரசர்கள் ஒரு மதிலையோ கோயிலையோ புதுப்பித்தபோது எழுதிப் புதைத்து வைக்கும் வழக்கமான வாசகத்தின் அச்சில்தான் இந்த உருளையும் எழுதப்பட்டிருக்கிறது. இதனால் கோரேஸின் பெருமை குறைந்துவிடாது. ஊர் திரும்ப அனுமதி பெற்றவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஏசாயா 45-ஐ வாசியுங்கள். தாவீதின் வாரிசுகளுக்கு வழங்கிய "அபிஷேகம் பண்ணப்பட்டவர்" என்ற பட்டத்தை அங்கே அந்நிய ராஜா ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். வேதாகமத்தில் வேறு எந்த அந்நிய அரசருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

கேள்வி: சிறையிருப்பு எழுபது வருஷம் என்கிறார்கள். எருசலேம் அழிந்தது கி.மு. 586, பாபிலோன் விழுந்தது 539. கணக்கு உதைக்கிறதே?

பதில்: எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆலயம் இடிந்த 586-இலிருந்து புதிய ஆலயம் முடிந்த 515 வரை எண்ணினால் ஏறக்குறைய எழுபது வருகிறது. கி.மு. 520-ஐ ஒட்டிப் பேசிய சகரியா தீர்க்கதரிசியும் "இந்த எழுபது வருஷம்" என்று எருசலேமின் பாழ்நிலையைத்தான் சொல்கிறார். எரேமியா தீர்க்கதரிசி சொன்ன எழுபது வருஷமோ பாபிலோனின் ஆதிக்க காலத்தைப் பற்றியது. அசீரியாவின் கடைசி மிச்சம் ஒழிந்த 609-இலிருந்து 539 வரை அதை எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் எழுபது வருகிறது.

கேள்வி: ஆற்றங்கரையில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுதவர்கள், கதவு திறந்ததும் எல்லோரும் கிளம்பியிருக்க வேண்டாமா? பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிட்டார்களாமே. அவர்கள் விசுவாசம் குறைந்தவர்களா?

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் தொட்டது இதுதான். தங்கியவர்களைக் குறைவாகப் பேசுவதை நான் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

முதலில் வயதைப் பாருங்கள். 586-இல் பத்து வயதில் நாடு கடத்தப்பட்ட பையனுக்கு, கோரேஸின் கட்டளை வந்தபோது அறுபது நெருங்கியிருக்கும். 597-இல் யோயாக்கீன் ராஜாவோடு போன முதல் கூட்டத்தில் அதே வயதுப் பையனுக்கு எழுபது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யூதேயா மண்ணைக் கண்ணால் பார்த்ததே இல்லை. "வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பெண் கொண்டு பெண் கொடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்" என்று எருசலேமிலிருந்து கடிதம் எழுதியவர் எரேமியாதான். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவர்கள் வேரூன்றினார்கள்.

வேரூன்றியதற்குக் களிமண்ணில் சாட்சி இருக்கிறது. பாபிலோன் அரண்மனையில், இஷ்தார் வாசலுக்கு அருகே, எண்ணெய்ப் படி அளந்த கணக்குப் பலகைகள் கிடைத்தன. கி.மு. 592-ஐச் சேர்ந்த ஒன்றில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவருடைய ஐந்து குமாரர்களுக்கும் எண்ணெய் கொடுத்ததாகப் பதிவு. இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் கடைசி வரிகளில் அதே யோயாக்கீனை, சிறையிருப்பின் முப்பத்தேழாம் வருஷத்தில், ஏவில்மெரொதாக் விடுவித்துத் தன் பந்தியில் உட்கார வைத்தான் என்று வாசிக்கிறோம். அந்தப் பந்திக்கு முந்திய வருஷங்களில் அவர் வயிறு எப்படி நிறைந்தது என்பதை எண்ணெய்க் கணக்கன் எழுதி வைத்திருக்கிறான்.

ராஜா கதை இருக்கட்டும். சாதாரணக் குடும்பங்களைப் பற்றி நமக்குச் சொல்பவை அல்-யாகுடு பலகைகள். அல்-யாகுடு என்றால் யூதா ஊர். பாபிலோனியாவின் நாட்டுப்புறத்தில் யூதர்கள் குடியேற்றப்பட்ட கிராமம். இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த சுமார் இருநூறு பலகைகள் தெரியவந்துள்ளன. அவற்றில் பழையது கி.மு. 572, அதாவது எருசலேம் எரிந்து பதினைந்து வருஷம்கூட முழுதாக ஆகாத காலம். பிந்தியது 477. அரசு நிலத்தை உழுதார்கள். வாற்கோதுமையிலும் பேரீச்சம்பழத்திலும் பங்கு அளந்தார்கள். அதற்கு ஈடாக அரசுக்கு ஊழியமும் செய்தார்கள். ரபாயாமாவின் மகன் அகீகாம் என்பவரின் பெயர் பலகைக்குப் பலகை வருகிறது. கடன் வாங்குகிறார், குத்தகை வசூலிக்கிறார், கடைசியில் அவர் சொத்தை ஐந்து பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். பெயர்களில் வரும் "யாமா" என்ற ஈறு, கர்த்தரின் பெயரை பாபிலோனிய எழுத்தர்கள் எழுதிய விதம்.

ஒரு பலகையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முழுக்க ஆப்பெழுத்தில், அதாவது பாபிலோனியர் களிமண்ணில் பதித்த எழுத்தில், எழுதிய கடன் பத்திரம் அது. அதில் செலேமியா என்ற பெயர் பழைய எபிரெய எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. பாபிலோனிய மொழி, பாபிலோனிய அளவை, பாபிலோனியச் சட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே யாரோ ஒருவர் ஈரமான களிமண்ணில் தன் தாத்தாவின் எழுத்தில் ஒரு பெயரைக் கீறினார். இவர்களையா விசுவாசம் குறைந்தவர்கள் என்பது?

இந்தப் பலகைகள் முறையான அகழாய்வில் எடுக்கப்படவில்லை. பழம்பொருள் சந்தை வழியாகத் தனியார் சேகரிப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தவை. எந்த வீட்டில், எந்தச் சுவரோரம் கிடந்தன என்ற செய்தியைக் கொள்ளையர்கள் அழித்துவிட்டார்கள். ஒரு கிராமத்தையே தொலைத்ததற்குச் சமம் இது. சேகரிப்பாளர்களின் பெருந்தன்மையைப் பாராட்டி எழுதப்படும் கட்டுரைகளை என்னால் நிம்மதியாக வாசிக்க முடிவதில்லை.

கடைசியாக ஒன்று. 539-க்குப் பிறகு பாபிலோன் யூதர்கள் அத்தனை பேரும் மூட்டை கட்டியிருந்தால், எண்பது வருஷம் கழித்துத் திருச்சட்டத்தோடு கிளம்பி வர வேதபாரகர் எஸ்றா அங்கே இருந்திருக்க மாட்டார். சூசான் அரண்மனையில் ராஜாவின் முகத்தைப் பார்த்து விடுப்புக் கேட்க, பின்னாளில் எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியாவும் இருந்திருக்க மாட்டார். சகரியா ஆறாம் அதிகாரத்தில் எல்தாய், தொபியா, யெதாயா என்ற மூவர் பாபிலோனிலிருந்து வெள்ளியும் பொன்னும் கொண்டுவருகிறார்கள். திரும்பியவர்களைத் தாங்கியவர்கள் தங்கியவர்களே.

கேள்வி: எஸ்றா 2-இல் திரும்பியவர்கள் 42,360 பேர் என்று இருக்கிறது. நான் பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன், 30,000-கூட வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: உங்கள் கூட்டல் சரி. எஸ்றா பட்டியலின் எண்கள் 29,818 வருகின்றன. நெகேமியா 7-இல் உள்ள அதே பட்டியல் 31,089. இரண்டு இடத்திலும் மொத்தம் மட்டும் 42,360 என்றே இருக்கிறது. பெண்களைச் சேர்த்தார்கள், சிறுவரைச் சேர்த்தார்கள், பெயர் சொல்லாத கோத்திரங்களைச் சேர்த்தார்கள் என்று பல விளக்கங்கள் உண்டு. என் எண்ணம் வேறு. இது ஒரே நாளில் புறப்பட்ட கூட்டத்தின் பட்டியலே அல்ல. பல தவணைகளில் வந்து சேர்ந்தவர்களை, யூதேயாவில் வைத்துத் தொகுத்த பதிவேடு. சிலரைக் குலத்தின் பெயராலும் சிலரை ஊரின் பெயராலும் எண்ணியிருப்பதே அதற்கு அடையாளம். 42,360 பேர் ஒரே மூச்சில் வந்திறங்கியிருந்தால் அந்தக் காலத்து எருசலேம் மலைநாடு தாங்கியிருக்காது என்று அகழாய்வுகளும் சொல்கின்றன.

வகுப்பில் இந்த அதிகாரத்துக்கு வந்ததும் மாணவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் விடமாட்டேன். கழுதைகளை எண்ணச் சொல்வேன். 6,720 கழுதைகள், 435 ஒட்டகங்கள், 736 குதிரைகள், 245 கோவேறு கழுதைகள். வேலைக்காரர் 7,337 பேரையும் பாடகர்களையும் சேர்த்தால் ஏழு பேருக்கு ஒரு கழுதைகூட இல்லை. அதிலும் தானியமும் தண்ணீரும் ஏற்ற வேண்டும். யூப்ரடீஸ் கரையோடு வடமேற்கே ஏறி, சீரியா வழியாக இறங்கும் பாதை 1,400 கிலோமீட்டருக்குக் குறையாது. பின்னாளில் எஸ்றாவின் கூட்டம் முதலாம் மாதம் கிளம்பி ஐந்தாம் மாதம் முதல் தேதி எருசலேமை எட்டியது. ஆக, பெரும்பாலோர் நடந்தார்கள்.

ஆசாரியர் 4,289 பேர் வந்த இடத்தில் லேவியர் 74 பேர்தான். ஆலயத்தில் மேல்வேலை ஆசாரியருக்கு, சுமக்கிற வேலை லேவியருக்கு. அந்த வேலைக்காக அவ்வளவு தூரம் நடக்கப் பலர் மனம் ஒப்பவில்லை போலும். எஸ்றா அகாவா நதியோரம் ஆட்களைக் கூட்டியபோதும் ஒரு லேவியரும் இல்லை. கசிப்பியா என்ற ஊரில் இருந்த இத்தோவுக்கு ஆள் அனுப்பிக் கேட்ட பிறகு 38 பேர் வந்தார்கள்.

பட்டியலில் என்னை நிறுத்திவிடும் இடம் அறுபதாம் வசனம். தெல்மெலாக், தெல்அர்சா முதலிய ஊர்களிலிருந்து வந்த 652 பேருக்குத் தாங்கள் இஸ்ரவேலர் என்று காட்ட வம்ச அட்டவணை இல்லை. ஆனாலும் வந்தார்கள். ஒரு சீட்டும் கையில் இல்லாமல், ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியாமல், அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களை அந்தப் பதிவேடு மறைக்காமல் எண்ணி எழுதியிருக்கிறது.

கேள்வி: திரும்பியதும் ஆலயத்தைக் கட்டாமல் ஏறக்குறைய இருபது வருஷம் ஏன் தாமதம்?

பதில்: பலிபீடத்தை உடனே கட்டினார்கள், அஸ்திபாரமும் போட்டார்கள். முதல் ஆலயத்தைக் கண்ட கிழவர்கள் அஸ்திபாரத்தைப் பார்த்துச் சத்தமிட்டு அழ, இளையவர்கள் ஆரவாரிக்க, எது அழுகை எது மகிழ்ச்சி என்று பிரித்தறிய முடியவில்லை என்கிறது எஸ்றா. அதோடு வேலை நின்றது.

நாடு காலியாக இல்லை என்பது முதல் காரணம். நாடு கடத்தலில் ஏழைகள், திராட்சத்தோட்டக்காரர்கள், பயிரிடுகிறவர்கள் விடப்பட்டிருந்தார்கள். அரைநூற்றாண்டாக அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கும், தாத்தாவின் நிலம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கும் இடையே உரசல் வராமல் எப்படி இருக்கும்? வடக்கே சமாரியாவிலிருந்து, அசீரியர் காலத்தில் அங்கே குடியேற்றப்பட்டவர்கள் வந்து, "நாங்களும் உங்கள் தேவனையே நாடுகிறோம், சேர்ந்து கட்டுவோம்" என்றார்கள். திரும்பியவர்களின் தலைவர்களான ஆளுநர் செருபாபேலும் பிரதான ஆசாரியர் யெசுவாவும் மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மறுப்பின் விலையை அடுத்து வந்த தலைமுறைகள் கொடுத்தன.

இரண்டாவது, வறுமை. மழை பொய்த்தது, விளைச்சல் சுருங்கியது, கூலி பொத்தலான பையில் போட்டதுபோல் கரைந்தது என்று ஆகாய் தீர்க்கதரிசி சொல்கிறார். அவருடைய பேச்சுக்குத் தேதி இருக்கிறது: பாரசீகத்தின் தரியு (டேரியஸ்) ராஜாவின் இரண்டாம் வருஷம், ஆறாம் மாதம், முதல் தேதி. நம் கணக்கில் கி.மு. 520 ஆகஸ்ட் இறுதி. தரியு பட்டத்துக்கு வந்தபோது பேரரசெங்கும் கலகம், பாபிலோனே இரண்டு தடவை எழும்பியது. உலகம் அசைகிற நேரத்தில் ஆகாயும் சகரியாவும் "எழும்புங்கள், கட்டுங்கள்" என்றார்கள்.

பிறகு நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. யூப்ரடீஸ் நதிக்கு அப்பாலுள்ள மாகாணத்தின் ஆளுநர் தத்னாய் நேரில் வந்து, "இதைக் கட்ட உங்களுக்கு உத்தரவு கொடுத்தவன் யார்?" என்று கேட்டார். இவரை வில்லனாகக் காட்டுவது அநியாயம். யூதர்கள் கோரேஸின் கட்டளையைச் சொன்னார்கள். அவர் வேலையை நிறுத்தாமல், சரிபார்க்கும்படி தரியுவுக்குக் கடிதம் எழுதினார். பாபிலோனின் சுவடி அறைகளில் தேடும்படி கேட்டிருந்தார். சுருளோ மேதியாவின் அக்மேதா கோட்டையில் கிடைத்தது. உயரம் அறுபது முழம், அகலம் அறுபது முழம், மூன்று வரிசை பெருங்கல், ஒரு வரிசை மரம், செலவு ராஜாவின் பொக்கிஷத்திலிருந்து. இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு குறிப்பைப் பாதுகாத்து வைத்திருந்த ஏதோ ஒரு கணக்கரால்தான் ஆலயம் எழும்பியது. இந்தத் தத்னாயின் பெயர் கி.மு. 502-ஐச் சேர்ந்த பாபிலோனியப் பலகை ஒன்றிலும் அதே பதவியோடு இருக்கிறது. ஆலய வேலை தரியுவின் ஆறாம் வருஷம், ஆதார் மாதம் 3-ஆம் தேதி முடிந்தது. கி.மு. 515.

கேள்வி: ஆலயப் பிரதிஷ்டையில் செருபாபேல் பெயர் ஏன் இல்லை?

பதில்: எஸ்றா 6-இல் பெயர் இல்லை, உண்மை. அவர் யோயாக்கீன் ராஜாவின் பேரன். கையிலுள்ள முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்று எரேமியா வழியாக யோயாக்கீனைப் பற்றிச் சொல்லப்பட்டது. செருபாபேலை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று ஆகாய் வழியாகச் சொல்லப்பட்டது. தாத்தாவிடமிருந்து பறித்ததைப் பேரனுக்குத் திருப்பித் தரும் பேச்சு அது. மக்கள் எவ்வளவு எதிர்பார்த்திருப்பார்கள்! ஆனால் அவருக்குப் பிறகு யூதேயாவின் ஆளுநராகத் தாவீதின் வம்சத்தார் ஒருவர் பெயரையும் வேதாகமம் சொல்வதில்லை. நாளடைவில் பிரதான ஆசாரியரின் கை ஓங்கியது.

கேள்வி: நான் ஒரு பெண். அந்நிய மனைவியரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட வைத்த எஸ்றாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நானும் அதைச் சொல்லும் எஸ்றா பத்தாம் அதிகாரத்தை வருத்தத்தோடுதான் வாசிக்கிறேன், அம்மா. ஒன்பதாம் மாதம் இருபதாம் தேதி, கொட்டுகிற மழையில், ஆலயத்தின் முற்றத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்களிடம் அந்த முடிவு கேட்கப்பட்டது. முடிவில் ஆண்களின் பெயர்ப் பட்டியல் நீளமாக இருக்கிறது. அனுப்பப்பட்ட பெண் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. அவள் எங்கே போனாள், பிள்ளையை எப்படி வளர்த்தாள் என்று ஒரு வரி கிடையாது.

எஸ்றாவின் பயம் எதிலிருந்து வந்தது என்று விளக்க முடியும். சில ஆயிரம் பேர் கொண்ட ஒரு சிறு கூட்டம், ராஜாவும் படையும் இல்லாதது, சுற்றிலும் வலுவான அண்டை நாட்டார். கலந்துபோனால் ஒரு தலைமுறையில் காணாமல் போய்விடுவோம் என்ற நடுக்கம். பெண் கொடுக்கல் வாங்கலில் நிலமும் சேர்ந்து கைமாறும் என்பதும் கவலை. விளக்க முடிகிற காரணத்தால் அது சரியாகிவிடாது. வேதாகமமே இதில் ஒரே குரலில் பேசவில்லை. கர்த்தரைச் சேர்ந்த அந்நியன் "என்னைப் பிரித்துவிடுவார்" என்று சொல்லவேண்டாம் என்கிறது ஏசாயா 56. தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத் மோவாபியப் பெண் என்று பெருமையாகச் சொல்லும் புத்தகமும் அதே தொகுப்பில் இருக்கிறது. நான் அந்தக் குரல்களின் பக்கம்.

கேள்வி: நெகேமியா பாரசீக அரசின் ஆளா, மக்களின் ஆளா?

பதில்: இரண்டும். அதனால்தான் அவரைப் பற்றி இத்தனை பேச வேண்டியிருக்கிறது. பாரசீக ராஜா அர்தசஷ்டாவின் இருபதாம் வருஷம், கி.மு. 445, பானபாத்திரக்காரராக இருந்தவர் ஆளுநராக எருசலேமுக்கு வந்தார். 52 நாளில் எருசலேமின் அலங்கம் (மதில்) எழும்பியதை எல்லோரும் சொல்வார்கள். யார் கட்டினார்கள் என்று நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் பாருங்கள். தட்டார் கட்டினார்கள். தைலக்காரர் ஒருவர் கட்டினார். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளோடு கட்டினார். தெக்கோவா ஊரார் கட்டினார்கள், அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்கவில்லை. பிரபுக்கள் செய்யாததையும் மறக்காமல் எழுதி வைத்தது எனக்கு நிறைவு தருகிறது.

அதைவிடப் பெரிய காரியம் ஐந்தாம் அதிகாரத்தில் நடக்கிறது. ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் கூச்சலிடுகிறார்கள். பஞ்சத்துக்குத் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தார்கள். ராஜாவின் வரிக்காகத் தோட்டத்தின்மேல் கடன் வாங்கினார்கள். கட்ட முடியாதபோது பிள்ளைகள் அடிமையானார்கள், பெண்பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே அடிமையாகிவிட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்ல, சொந்த யூதச் சகோதரர்கள். தரியு வகுத்த வரி முறையில் சீரியா, பெனிக்கியா, பாலஸ்தீனம், சைப்ரஸ் அடங்கிய பிரிவு வருஷத்துக்கு 350 தாலந்து வெள்ளி கட்ட வேண்டும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த வெள்ளியில் ஒரு பங்கு இந்த மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்தும் பிழியப்பட்டது.

நெகேமியா கோபப்பட்டார். தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருப்பதைச் சபையில் ஒளிக்காமல் சொன்னார். நிலங்களையும், தோட்டங்களையும், வீடுகளையும், வாங்கிய வட்டியையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் சத்தியம் வாங்கினார். தன் வஸ்திரத்தின் மடியை எல்லோர் முன்பும் உதறி, வாக்கு மீறுகிறவனைத் தேவன் இப்படி உதறிப்போடுவார் என்றார். முந்திய ஆளுநர்கள் ஜனத்திடம் வாங்கிய படிப்பணத்தைப் பன்னிரண்டு வருஷமும் தொடவில்லை. தினமும் ஒரு காளை, ஆறு நல்ல ஆடு சமைத்து 150 பேருக்குப் பந்தி வைத்தார்.

ஆனால் ராஜாவின் வரியை அவர் குறைக்கவில்லை. அது அவர் அதிகாரத்துக்கு வெளியே இருந்தது. கடன்காரனைப் பிடித்து நிறுத்தினார், கடனுக்குத் தள்ளிய பேரரசைத் தொட முடியவில்லை. நாம் நல்ல நிலத்தின் நடுவே அடிமைகளாயிருக்கிறோம், விளைச்சல் எங்கள்மேல் இருக்கும் ராஜாக்களுக்குப் போகிறது என்று ஒன்பதாம் அதிகாரத்து ஜெபம் வெளிப்படையாக முறையிடுகிறது. ஊர் திரும்பியும் விடுதலை முழுதாகக் கிடைக்கவில்லை என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை.

கேள்வி: நெகேமியாவை எதிர்த்த சன்பல்லாத் என்பவன் உண்மையில் இருந்தானா?

பதில்: இருந்தார். எகிப்தில் நைல் நதியின் நடுவே, அஸ்வானுக்கு எதிரே உள்ள எலிபெண்டைன் தீவில் பாரசீகப் படையில் வேலை பார்த்த யூதக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்கு அங்கே சொந்தமாக ஓர் ஆலயமே இருந்தது. கி.மு. 410-இல் அது இடிக்கப்பட்டது. எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு முறையிட்டுப் பதில் வராமல், 407-இல் யூதேயாவின் ஆளுநர் பாகோகிக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அந்தப் பாப்பிரஸ் இன்றும் இருக்கிறது. "சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் பிள்ளைகள் தெலாயாவுக்கும் செலேமியாவுக்கும் இதையே எழுதியிருக்கிறோம்" என்கிறது அது. பிள்ளைகளின் பெயரில் கர்த்தரின் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். நெகேமியாவின் எதிரி, அதே தெய்வத்தின் பெயரைத் தன் பிள்ளைகளுக்கு வைத்தவர். நெகேமியா புத்தகத்தை மட்டும் வாசித்தால் இது தெரியவராது.

கேள்வி: இதையெல்லாம் கால வரிசையில் எப்படி வாசிக்கலாம்?

பதில்: எஸ்றா 1 முதல் 4-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனம் வரை முதலில். அங்கே நிறுத்திவிட்டு ஆகாய் முழுவதும், சகரியா முதல் எட்டு அதிகாரங்கள். பிறகு எஸ்றா 5, 6. நடுவில் விட்ட 4:6 முதல் 23 வரையான பகுதி பிந்திய ராஜாக்களின் காலத்துக் கடிதங்கள். அதை எஸ்றா 10-க்குப் பிறகு, நெகேமியா 1-க்கு முன்பு வாசித்தால், எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கேட்டு நெகேமியா ஏன் அப்படி அழுதார் என்பது பிடிபடும். எஸ்றா 2-ஐயும் நெகேமியா 7-ஐயும் இரண்டு வேதாகமங்களில் விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து ஒப்பிடுங்கள். எண்கள் எங்கெங்கே மாறுகின்றன என்று குறித்து எனக்கு எழுதினால், அடுத்த இதழில் அவற்றைச் சேர்த்துப் பார்ப்போம்.